எழுத்தெல்லாம் தெரியும், வாசிக்க மட்டும் வரவில்லை: ஏன்?

சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று புகார்கள் தவறாமல் காதில் விழும். "எழுத்தெல்லாம் தெரியுது, கூட்டிப் படிக்கத்தான் வரமாட்டேங்குது" என்பது ஒன்று. "பாடத்தைக் கடகடன்னு படிக்கிறான், கேள்வி கேட்டா முழிக்கிறான்" என்பது இன்னொன்று. "கையெழுத்து முத்து முத்தா இருக்கு, சொந்தமா ரெண்டு வரி எழுதச் சொன்னா பென்சிலைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கா" என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பெரியவர்கள் சொல்லும் மருந்து ஒன்றே: "இன்னும் நாலு தடவை எழுதிப் பழகட்டும்."

சிக்கல் மூன்று பிள்ளைகளுக்கும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. முதல் பிள்ளை ஒலிகளைச் சேர்ப்பதில் தடுக்கி நிற்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு வாசிக்கிற மொழி பிடிபடவில்லை. மூன்றாவது பிள்ளைக்கு மனதில் இருப்பதை வாக்கியமாக்கிப் பழக்கமில்லை. எழுத்துகளை ஒப்பிப்பதும், பாடத்தைச் சத்தமாக வாசிப்பதும், பார்த்து எழுதுவதும் வெளியே தெரிகிற வேலைகள். அவற்றைப் பார்த்துவிட்டு "வந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் உள்ளே என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறோம்.

பேச்சு தானாக வரும், எழுத்து வராது

பேச்சைக் குழந்தைக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்லித் தருவதில்லை. சுற்றிலும் பேசினால் போதும், இரண்டு மூன்று வயதுக்குள் அதுவும் பேசத் தொடங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு "வீடு நிறையப் புத்தகம் இருந்தால் வாசிப்பும் தானாக வந்துவிடும்" என்று நினைப்பவர்கள் உண்டு. வெகு சில பிள்ளைகளுக்கு அப்படி வருவதுபோலத் தோன்றும். பெரும்பாலானவர்களுக்கு வராது.

மனிதர்கள் பேசத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. எழுத்துக்கு வயது சுமார் 5,000 ஆண்டுகள்தான். மூளையில் வாசிப்பதற்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் எதுவும் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்கிற பகுதிகளில் ஒரு பங்கு, பயிற்சியால் எழுத்தை அடையாளம் காணும் வேலைக்கு மாறிக்கொள்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்களின் மூளையை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி ஸ்தனிஸ்லா தெஹேன் இதை மறுபயன்பாடு என்கிறார். எந்த மொழியை வாசிப்பவராக இருந்தாலும் இடது மூளையின் பின்பக்க அடிப்பகுதியில் ஏறக்குறைய ஒரே இடம்தான் இந்த வேலைக்கு வந்து சேர்கிறது.

பெற்றோரைப் பயமுறுத்தும் ஒரு விஷயத்துக்கு இதில் விடை இருக்கிறது. ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் பல எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவார்கள். ஒரு நாற்காலி இடப்பக்கம் பார்த்து இருந்தாலும் வலப்பக்கம் பார்த்து இருந்தாலும் அது நாற்காலிதான். அப்படிப் பார்க்கத்தான் நம் கண்ணும் மூளையும் பழகியிருக்கின்றன. எழுத்துக்கு மட்டும் திசை முக்கியம். ஆங்கிலத்தின் சின்ன ‘பி’யும் சின்ன ‘டி’யும் திசையால்தான் வேறுபடுகின்றன. இந்த விதிவிலக்கை மூளை கற்றுக்கொள்ளச் சில காலம் ஆகும். ஏழு வயதுக்கு முன்னால் இதை மட்டும் வைத்துக் கவலைப்படத் தேவையில்லை.

காது முதலில், கண் அப்புறம்

"மரம்" என்று சொன்னால் நான்கு வயதுக் குழந்தையின் மனதில் மரம் வந்து நிற்கும். ம, ர, ம் என்ற மூன்று துண்டுகள் அதற்குக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இதுவரை அதற்கு வந்ததில்லை. எழுத்து என்பதோ அந்தத் துண்டுகளுக்குப் போடும் குறி. துண்டே கேட்காத பிள்ளையிடம் குறியைக் காட்டினால், அது எதற்கான குறி என்று அதற்கு எப்படித் தெரியும்?

சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்கவும், மாற்றவும், சேர்க்கவும் முடிகிற திறமைக்கு ஒலியுணர்வு என்று பெயர். முழுக்க முழுக்க வாயாலும் காதாலும் நடக்கிற வேலை இது. புத்தகமோ சிலேட்டோ வேண்டாம்.

முதல் படி எளிது. "கமலா" என்ற பெயரைச் சொல்லிக்கொண்டே கை தட்டச் சொன்னால் க, ம, லா என மூன்று தட்டு. "மாலை"யில் "மா"வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? "லை." இப்படி விளையாடுவதைப் பெரும்பாலான பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்த படி கொஞ்சம் நுட்பமானது. "கா" என்பதே ஒரு துண்டு இல்லை, அதற்குள் க், ஆ என இரண்டு ஒலிகள் இருக்கின்றன. இதை விளக்கிச் சொன்னால் குழந்தைக்குப் புரியாது. இழுத்துச் சொல்லிக் காட்டலாம்: "காஆஆஆ... கடைசியில் வாயில் என்ன சத்தம் நிற்கிறது?" "ஆ." அப்புறம் "மாஆஆஆ", "பாஆஆஆ". மூன்றிலும் அதே ஆ மிஞ்சுவதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும். இதைக் கண்டுபிடித்த பிள்ளைக்குத் துணைக்கால் எதற்காக வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. கண்டுபிடிக்காத பிள்ளை கா, மா, பா மூன்றையும் மூன்று தனிப் படங்களாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்.

எழுத்தின் பெயருக்கும் அதன் ஒலிக்கும் உள்ள வித்தியாசமும் இங்கே முக்கியம். ஆங்கிலத்தில் ‘சி’, ‘ஏ’, ‘டி’ என்று பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘கேட்’ என்ற சொல் வராது. தமிழிலும் ‘ஆவன்னா’, ‘கானா’ என்று பெயராகவே பழகிய பிள்ளை கூட்டிப் படிக்கும்போது அந்த வாலையும் சேர்த்துக்கொண்டு திணறும். பெயர் தெரிந்திருப்பதில் தவறில்லை, ஆனால் கூட்டுவதற்கு உதவுவது ஒலிதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வாசிப்பு தானாக வருவதில்லை. அதன் முதல் படி காதில் இருக்கிறது. சொல் துண்டுகளாகக் கேட்டால்தான் எழுத்துக்கு அர்த்தம் உண்டு.

247 எழுத்து என்ற பூதம்

தமிழில் 247 எழுத்து என்றதும் மலைப்பு வரும். உண்மையில் ஒரு குழந்தை 247 வடிவங்களைத் தனித்தனியாகக் கற்க வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், உயிர்மெய்யில் வரும் சில குறிகள், அவ்வளவுதான். குறிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பிடிபட்டால் 216 உயிர்மெய்யில் பெரும்பகுதி கையில் வந்துவிடும்.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்கான வரிசையில், நேரடியாகச் சொல்லித் தரும் முறைக்கு ஆங்கிலத்தில் ஃபோனிக்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் 2000இல் வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, இப்படி ஒழுங்காகச் சொல்லித் தருவது சின்ன வகுப்புகளில் பலன் தருகிறது என்று முடிவுக்கு வந்தது. தமிழுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம், எழுத்துக்கூட்டி வாசிக்கும் வழக்கம் நமக்குப் பழையதுதான்.

பழைய வழக்கத்தோடு ஒரு பழைய சிக்கலும் கூடவே வருகிறது. க, கா, கி, கீ என்று வரிசையைப் பாட்டுபோல ஒப்பிக்கும் பிள்ளைக்கு அந்த எழுத்துகள் தெரியும் என்று நம்பிவிடுகிறோம். ஒரு தாளில் ‘கே, மு, ணி, தொ, றா’ என்று கலைத்து எழுதி விரலை வைத்துக் கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் ‘கே’யைச் சொல்வதற்கு மனதுக்குள் ‘க’விலிருந்து ஓடி வருவார்கள். உதடு அசைவதே காட்டிக்கொடுக்கும். அவர்களுக்குத் தெரிவது பாட்டு, எழுத்து இன்னும் தெரியவில்லை.

பிள்ளைகள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்த விஷயம். துணைக்கால், இகரம், ஈகாரம் ஆகியவை எழுத்துக்கு வலப்பக்கமோ மேலேயோ ஒட்டிக்கொண்டு ஒழுங்காக நிற்பவை. அவை சீக்கிரம் வரும். கெ, கே, கை ஆகியவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கண் பார்க்கும் வரிசையும் வாய் சொல்லும் வரிசையும் இங்கே முரண்படுகின்றன. கொ, கோ வந்தால் குறி இரண்டு பக்கமும் நிற்கும். உகரம் இன்னும் மோசம்: கு, சு, து, மு நான்கிலும் ஒரே ஒலிதான் சேர்கிறது, அதற்கான கோடு மட்டும் நான்கிலும் ஒரே மாதிரி இல்லை. ஆகவே "இகரம் ஒரு வாரம், உகரமும் ஒரு வாரம்" என்று சரிசமமாகப் பங்கு போடுவது பொருந்தாது. உகரத்துக்கும் ஒகரத்துக்கும் கூடுதல் நாள் கொடுத்தாக வேண்டும்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்பதிலும் யோசிக்க வேண்டியது உண்டு. அ முதல் ஃ வரை முடித்துவிட்டுத்தான் க என்றால், குழந்தை பல வாரம் ஒரு சொல்லைக்கூட வாசிக்காமல் எழுத்தை மட்டும் சுமந்துகொண்டிருக்கும். ட, ப, ம ஆகிய மூன்றோடு புள்ளியையும் கற்றுக்கொடுத்தால் போதும்: படம், மடம், பட்டம், மட்டம். நான்கு சொல் கையில். "நான் வாசித்தேன்" என்று குழந்தை சொல்லிக்கொள்ள அந்த வாரத்திலேயே வழி கிடைக்கிறது. என் பார்வையில் வேறு எந்த ஊக்கப் பரிசும் இதற்கு ஈடாகாது. அகர வரிசையை அப்புறம் சொல்லிக்கொடுக்கலாம். அகராதி பார்க்கும் வயது வரும்போது அது கட்டாயம் தேவைப்படும்.

ஆங்கிலமும் சேர்த்துக் கற்கும் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தான், ஆனால் அவை சுமார் 44 ஒலிகளைச் சுமக்கின்றன, அதுவும் ஒழுங்கில்லாமல். ஆங்கிலத்தையும் இன்னும் 12 ஐரோப்பிய மொழிகளையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வில், மற்ற மொழிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் ஆண்டு முடிவதற்குள் எளிய சொற்களைச் சரியாக வாசித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் அந்த நிலைக்கு வர இரண்டு மடங்குக்கு மேல் காலம் பிடித்தது. தமிழில் வாசித்துவிட்ட பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறினால் அது பிள்ளையின் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழிலும் ஒரு சின்னப் புதிர் உண்டு. கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே ‘க’தான், ஒலி மூன்றிலும் வேறு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இது சிக்கலாகவே தெரியாது. எழுத்துக்கூட்டிப் பாதி வந்ததுமே "ஓ, தங்கமா!" என்று தெரிந்த சொல்லோடு பொருத்திக்கொள்ளும். தமிழ் அதிகம் கேட்காமல் வளரும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அதனால் கூட்டிப் படிப்பதற்கே கூட, ஏற்கெனவே காதில் விழுந்த சொற்கள் கைகொடுக்கின்றன.

மெதுவாக வாசித்தால் ஏன் புரிவதில்லை

ஒருவர் உங்களிடம் பத்து இலக்க போன் நம்பரைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் பத்து விநாடி இடைவெளி விடுகிறார். எழுதிக்கொள்ளக் கூடாது. ஆறாவது எண் வருவதற்குள் முதல் இரண்டு எண்கள் போயிருக்கும். அதே நம்பரை மூன்று நான்கு எண்களாகச் சேர்த்துச் சட்டென்று சொன்னால் நினைவில் நிற்கும்.

கையில் இருக்கும் வேலைக்காகச் சில விஷயங்களைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்து வைக்கும் இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். அந்த இடம் சிறியது, சீக்கிரம் காலியாகிவிடும். "யானை ஆற்றில் இறங்கியது" என்ற வரி, புதிதாக வாசிக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு எழுத்து. "யா... னை... ஆ... ற்... றி..." என்று தடவித் தடவி ‘து’வுக்கு வருவதற்குள் யானை மறந்துபோயிருக்கும். இடைவெளி விட்டுச் சொன்ன போன் நம்பரின் கதைதான். நமக்கோ அதே வரி வெறும் மூன்று சொல். பிள்ளைக்கும் அது மூன்று சொல்லாக மாறும் வரைக்கும் "என்ன புரிந்தது?" என்று கேட்டுப் பயனில்லை. கேட்டாலும் பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

பன்னிரண்டு எழுத்து எப்படி மூன்று சொல்லாகிறது? சொல்லின் முழு வடிவத்தைப் படம்போலப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்வதால் என்று பலர் நினைக்கிறார்கள். அட்டையில் சொல்லை எழுதி நூறு முறை காட்டும் பழக்கம் அப்படி வந்ததுதான். இதை நீண்ட காலம் ஆராய்ந்த லின்னியா எரி காட்டிய வழி வேறு. ஒரு சொல்லின் ஒவ்வொரு எழுத்தையும் அதன் ஒலியோடு பொருத்தி ஒரு சில முறை சரியாகக் கூட்டி வாசித்துவிட்டால், அந்தச் சொல்லின் எழுத்தும் ஒலியும் பொருளும் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் பார்த்ததும் வரும். கூட்டிப் படிப்பது மெதுவாக இருப்பதால் அது வீண் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. வேகம் வருகிற வழியே அதுதான்.

இதற்கு நேரெதிராக வேலை செய்கிறது ஊகம். படத்தில் குதிரை இருக்கிறது, வரியில் ‘கு’ தெரிகிறது, பிள்ளை "குதிரை" என்று சொல்லிவிடுகிறது. எழுதியிருப்பது ‘குட்டி’ என்று வைத்துக்கொள்வோம். நாமும் "பரவாயில்லை, கிட்டத்தட்ட வந்துட்டான்" என்று விட்டுவிடுகிறோம். அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் 1967இல் வாசிப்பையே ஒருவகை ஊக விளையாட்டு என்று எழுதினார், அந்தக் கருத்துக்குப் பள்ளிகளில் பெரிய செல்வாக்கு இருந்தது. பின்னால் வந்த கண்ணசைவு ஆய்வுகள் அதற்கு ஒத்துவரவில்லை. நன்றாக வாசிப்பவர்களின் கண் பெரும்பாலான சொற்களில் சுமார் கால் விநாடி நின்று எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறது. ஊகத்தை நம்பியிருப்பவர்கள் வாசிப்பில் திணறுபவர்கள்தான். ஆகவே பிள்ளை தடுமாறும்போது "படத்தைப் பாரு, என்னவா இருக்கும்?" என்று கேட்பதைவிட "விரலை வச்சு மறுபடி கூட்டு" என்பது மேல். படத்தைக் கையால் மறைத்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

பிழையில்லாமல், தடையில்லாமல், பேசுவதுபோன்ற ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பதைச் சரளம் என்கிறோம். ஒரே சின்னப் பத்தியை இரண்டு மூன்று நாள் திரும்ப வாசிப்பது அதற்கு நல்ல பயிற்சி. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கடிகாரம் வைத்து ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேகம் வந்துவிடும், முற்றுப்புள்ளியைக் கவனிக்கும் பழக்கம் போய்விடும்.

சுருக்கமாக: ஒலி, எழுத்து, கூட்டுதல் இந்த வரிசையில்தான் பார்த்ததும் வாசிக்கும் திறமை வருகிறது. அது வந்தால்தான் புரிந்துகொள்ள மனதில் இடம் மிஞ்சும்.

கடகடவென்று வாசித்தும் புரியாதது

ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கலாக எழுதிக் காட்டினார்கள். எழுத்திலிருந்து சொல்லை எடுக்கும் திறமை, பேச்சாகக் கேட்டால் புரிந்துகொள்ளும் திறமை, இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். முதலில் சொன்ன இரண்டாவது பிள்ளையின் கதை இதுதான்: எழுத்தை எடுக்கிறான், மொழி கைகொடுக்கவில்லை.

தமிழில் இந்த இரண்டாவது திறமைக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு. பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. வீட்டில் "அவங்க வந்துட்டாங்க" என்று கேட்ட பிள்ளை புத்தகத்தில் "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்று பார்க்கிறது. நமக்கு இரண்டும் ஒன்று, ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பாதி அந்நிய மொழி. இதற்கு மருந்து ஒன்றுதான்: பிள்ளைக்கு நாம் வாசித்துக் காட்டுவது. கதையைச் சொல்வது வேறு, புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வாசித்துக் காட்டுவது வேறு, இரண்டும் வேண்டும். புத்தகத் தமிழ் காதில் போதுமான அளவு விழுந்த பிள்ளைக்கு அதைக் கண்ணால் பார்க்கும்போது அதிர்ச்சி இருக்காது. பிள்ளை தானாக வாசிக்கத் தொடங்கியதும் பலர் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த வயதில் பிள்ளை தானே வாசிக்க முடிகிற வரிகள் மிக எளியவை, கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிறவை அதைவிடப் பல படி மேலானவை. நிறுத்தினால் புதுச்சொற்கள் வருகிற பெரிய வாசல் அடைபடும்.

விஷய அறிவும் இதில் சேர்த்தி. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்பவர்கள் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். ஆட்டத்தைப் பற்றி நன்கு தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், ஆட்டம் தெரியாத ‘நல்ல வாசகர்’களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். மொழி வகுப்பில் மட்டும் வாசிப்பு வளர்வதில்லை. பூச்சி, மழை, கிரகம், இயந்திரம் என்று பேசிக்கொண்டிருப்பதும் வாசிப்புக்கான முதலீடுதான்.

சரி, புரிந்ததா என்று எப்படிப் பார்ப்பது? பாடத்தின் கடைசியில் வரும் கேள்விகள் பெரும்பாலும் இதற்கு உதவாது. இந்த வரியைப் பாருங்கள்: "பிளம்பன் மூசலில் தகுத்தான்." யார் தகுத்தது? பிளம்பன். எங்கே தகுத்தான்? மூசலில். பிளம்பன் என்ன செய்தான்? தகுத்தான். மூன்றுக்கும் முழு மதிப்பெண், ஒரு மண்ணும் புரியவில்லை. (அப்படி ஒரு சொல்லே கிடையாது, தேட வேண்டாம்.) வரியிலிருந்து சொல்லைப் பிடுங்கி எழுதும் கலையில் பிள்ளைகள் சீக்கிரம் தேர்ந்துவிடுகிறார்கள்.

இதோ வேறு ஒரு பத்தி: "கவின் உள்ளே வந்தான். அவன் நடந்த இடமெல்லாம் ஈரத் தடம். அம்மா துண்டை எடுத்து நீட்டினாள்." துண்டை நீட்டியது யார் என்று கேட்டால் மறுபடியும் பிடுங்கல்தான். அம்மா ஏன் துண்டை நீட்டினாள், வெளியே என்ன நடந்திருக்கும் என்று கேட்டால் பிள்ளை வரிகளுக்கு நடுவே போக வேண்டும். மழை என்ற சொல் பத்தியில் எங்கும் இல்லை. பிள்ளை "மழை" என்றால் புரிந்திருக்கிறது. "குளத்துல விழுந்துட்டான்" என்றாலும் புரிந்திருக்கிறது.

எழுதுவது ஒரே வேலை இல்லை

எழுதும்போது பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று கைவேலை: எழுத்தின் வடிவம், எந்த எழுத்து வரும் என்ற முடிவு, இடைவெளி. இன்னொன்று மனவேலை: என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது. இரண்டும் முன்பு பார்த்த அதே சிறிய செயல்நினைவுக்குள் இடம் பிடிக்க வேண்டும். ‘ஞ’ எப்படி எழுதுவது என்று யோசிக்கும் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பது மறந்துபோவதில் ஆச்சரியம் என்ன?

பார்த்து எழுதும் பயிற்சி முதல் வேலையை மட்டும் வளர்க்கும், அதுவும் அளவோடு செய்தால். கையால் எழுத்தை உருவாக்குவது அந்த எழுத்தை அடையாளம் காணவும் உதவுகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. ஆனால் ஒரே வரியை இருபது முறை எழுதச் சொன்னால் மூன்றாவது முறைக்குமேல் பிள்ளை வாசிப்பதே இல்லை. சில பிள்ளைகள் முதல் சொல்லை மேலிருந்து கீழாக இருபது முறை, அடுத்த சொல்லை இருபது முறை என்று நெடுக்குவாக்கில் எழுதி முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கொடுத்த வேலைக்கு அதுதான் புத்திசாலித்தனமான வழி.

இரண்டாவது வேலைக்கான பயிற்சி வாயில் தொடங்குகிறது. பிள்ளை ஒரு வாக்கியம் சொல்லட்டும், நாம் எழுதிக் காட்டுவோம், அது தன் வாக்கியத்தைத் தானே வாசிக்கட்டும். அடுத்த கட்டத்தில் பிள்ளை வாக்கியத்தைச் சொல்லி, எத்தனை சொல் என்று விரல் விட்டு எண்ணி, அப்புறம் எழுதத் தொடங்கலாம். முதலில் ஒரு படம் வரைந்துவிட்டு எழுதினால் சொல்வதற்கு விஷயம் கண்முன் இருக்கும்.

அப்படி ஒரு பிள்ளை சொந்தமாக எழுதிய வரி இது என்று வைத்துக்கொள்வோம்:

"நா நேத்து பலம் சாப்டேன்."

நான்கு சொல்லிலும் பிழை. சிவப்பு மையில் நான்கு சுழி போடலாம். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், இந்தப் பிள்ளை ஒலியைத் துல்லியமாகப் பிரித்துக் கேட்கிறது என்று தெரியும். நா, நேத்து, சாப்டேன் மூன்றும் நாம் பேசுகிறபடியே இருக்கின்றன. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு அதற்கு நன்றாகவே பிடிபட்டிருக்கிறது. பிடிபடாதது புத்தகத் தமிழ். ‘பலம்’ மட்டும் வேறு வகைப் பிழை: அதன் பேச்சில் ழகரமும் லகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன, காதில் இல்லாத வேறுபாட்டைக் கை எப்படி எழுதும்? சின்னப் பிள்ளைகளின் எழுத்துப்பிழைகளில் ஒழுங்கு இருக்கிறது என்று மொழியியலாளர் சார்லஸ் ரீட் 1971லேயே எழுதினார். ஆங்கிலம் பேசும் குழந்தைகள் ‘ட்ரக்’ என்பதை ‘ச்ரக்’ என்று படிக்கும்படி எழுதியதை அவர் கண்டார். அவர்கள் வாயில் அது அப்படித்தான் ஒலிக்கிறது.

எதைத் திருத்துவது? முதலில் விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்: "என்ன பழம்? இனிப்பா இருந்துச்சா?" யாரோ படிப்பதற்காகத்தான் எழுதுகிறோம் என்பது பிள்ளைக்கு இதில்தான் தெரியவரும். அப்புறம் ஒன்றே ஒன்றைத் திருத்தலாம். நானாக இருந்தால் ‘நேத்து’வை எடுப்பேன், ஏனென்றால் அதன் பின்னால் ஒரு குடும்பமே இருக்கிறது: நேத்து நேற்று, காத்து காற்று, ஆத்துல ஆற்றில். ஒரு பாடத்தில் பல சொல் சரியாகிவிடும். (‘பாத்து’ மட்டும் ‘பார்த்து’ ஆகி நம்மை ஏமாற்றும். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.) ல, ழ, ள குழப்பத்துக்கு விதி கிடையாது. சொல் சொல்லாக, வாசித்து வாசித்துத்தான் வரும். உச்சரிப்பைச் சரிசெய்தால் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

டிக்டேஷன் எனப்படும் சொல்வதெழுதுதல் நல்ல பயிற்சி, ஒரு நிபந்தனையோடு: கற்றுக்கொடுத்த எழுத்துகள் மட்டுமே அதில் வர வேண்டும். கற்றுக்கொடுக்காததைச் சொல்லி எழுதச் சொன்னால் அது பயிற்சியாகாது, பயமுறுத்தலாகத்தான் முடியும்.

சுருக்கினால்: கைவேலைக்கும் மனவேலைக்கும் தனித்தனிப் பயிற்சி வேண்டும். பிழை எந்த வகை என்று பார்த்துவிட்டுத்தான் திருத்த வேண்டும்.

எத்தனை நேரம், எத்தனை வயதில்

நாளுக்கு இருபது நிமிடம் தவறாமல் நடப்பது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிடப் பலன் தரும். வயதைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. பின்லாந்தில் முறையான பள்ளிப் படிப்பு ஏழு வயதில் தொடங்குகிறது, இங்கிலாந்தில் ஐந்து வயதிலேயே கட்டாயம். நான்கு வயதில் எழுதவில்லை என்று பதறுவதில் பொருளில்லை. அந்த வயதில் ஒலி விளையாட்டும் கதையும் போதும்.

ஆனால் ஒரு வருடம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பிறகும், படம், மடம் போன்ற சொற்களையே பிள்ளை கூட்ட முடியாமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கட்டி, கேட்பது விட்டுவிட்டு மங்கும். வீட்டில் யாருக்கும் அது தெரியாமலே போகும். கண்ணும் காதும் சரியாக இருந்தால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாமா என்று நிபுணரிடம் கேட்கலாம். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமம்தான் டிஸ்லெக்சியா. புத்திக்கூர்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை, சோம்பலுக்கும் தொடர்பில்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருந்தால் வாய்ப்பு நன்றாகவே கூடும். இந்தப் பிள்ளைகளுக்கும் இங்கே சொன்ன அதே படிகள்தான், இன்னும் சின்னச் சின்னதாக, இன்னும் அதிக முறை.

நிபுணரிடம் போகும்போது "படிக்கவே மாட்டேங்குறான்" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் படியில் நிற்கிறான் என்று குறித்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். வாயால் சொல்லும் சொல்லைப் பிரிக்க முடிகிறதா? கலைத்து எழுதிய எழுத்துகளில் எவை தெரிகின்றன? இரண்டெழுத்துச் சொல் கூட்ட வருகிறதா? நாம் வாசித்துக் காட்டினால் கதை புரிகிறதா? அவனே எழுதிய இரண்டு மூன்று பக்கங்களையும் திருத்தாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.